சம்மட்டிக்கு முன் ஒரு நிமிஷம்

போத்தனூரில் பன்றிக்கறி என்றால் என் கடைதான். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. வெள்ளகோவில் பக்கத்து மேட்டுக்காட்டில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஒரே ஒரு சினைப்பன்றியை வைத்துத் தொழில் தொடங்கியவன் நான். சொந்தக்காரர்கள் கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையைக் காலியாக விட்டு உட்கார்ந்தார்கள். பத்து வருஷத்தில் அதே ஆட்களை என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற வைத்தேன். படிப்பில்லாமல் வந்தவனுக்கு இரண்டு கைகள்தான் மூலதனம். என் கை பேசும். உக்கடத்தில் என் பன்றி வண்டியை மறித்த ஒருவனுக்கு முன்பல் மூன்று இன்றைக்கும் இல்லை.

அப்படிப்பட்ட என்னைச் சம்மட்டியும் கையுமாக நிறுத்தி, ஒரு நாளைக்கு இருபது தடவை காக்க வைத்த ஒரே ஆள் அந்த அக்கா. தொண்ணூறுகளில் ஆறு வருஷம் என்னிடம் வேலை பார்த்தார். இன்று இருந்தால் எண்பது தாண்டியிருக்கும்.

எங்கள் வேலை இப்படித்தான். பட்டியிலிருந்து பன்றியைக் கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டும். நெற்றியில் சம்மட்டியால் ஒரே அடி. விழுந்த கையோடு நெஞ்சில் கத்தி. அடி சரியாக விழுந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. தப்பினால் ஊருக்கே தெரியும். பன்றியின் அலறலைக் கேட்டிருக்கிறீர்களா? கழுத்து நெரிபடுகிற பெண்பிள்ளையின் குரல் போலவே இருக்கும். மற்ற கடைகளில் கயிறு கட்டி, காதைப் பிடித்து, வாலை முறுக்கி, நாலு ஆள் இழுத்து வருவார்கள். பயந்து செத்ததன் கறி விறைத்துப்போகும் என்பது தொழில் தெரிந்தவனுக்குத் தெரியும். தெரிந்தும் வேறு வழி கிடையாது.

அந்த அக்கா கயிற்றைத் தொட்டதே இல்லை. பட்டிக்குள் போவார். ஒன்றின் காதுக்குப் பின்னால் விரல் முட்டியால் சொறிவார். "வா கண்ணு" என்பார். திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடப்பார். அது பின்னாலேயே வரும். கொட்டகைக்குள் வந்ததும் அதன் நெற்றியில் வலது உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "சித்த இருங்க மொதலாளி." நான் தூக்கிய சம்மட்டியோடு நிற்பேன். பன்றியின் காது இரண்டும் தொங்கிப்போகும். ஒரு நிமிஷம், சில நாள் இரண்டு நிமிஷம். பிறகு கையை எடுத்துக்கொண்டு ஒதுங்குவார். என் அடி விழும்.

முதல் தடவை அவரைப் பார்த்தது தண்டவாளத்தில். எங்கள் பன்றி ஒன்று பட்டியை உடைத்துக்கொண்டு ஓடி, இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் நின்றது. நானும் என் ஆட்களும் தடியோடு வளைத்தோம். அடித்ததில் அதற்கு ஒரு கண் போய்விட்டது. ரத்தம் ஒழுக ஒழுக ஒருவனின் தொடையைக் கடித்துக் கிழித்தது. தூரத்தில் சரக்கு ரயில் கூவுகிறது. ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கமிருந்து குள்ளமாக ஒரு பெண்பிள்ளை வந்தார். இடது காது மடல் இரண்டாகப் பிளந்திருந்தது.

"ஏனுங்க, அந்தத் தடியெல்லாம் கீழ போடுங்க. நீங்க வேணும்னா அந்தப் பக்கம் போயிருங்க."

எனக்கு உத்தரவு போடுகிற பெண்பிள்ளையை அன்றுதான் பார்த்தேன். அவர் தண்டவாளத்தை ஒட்டி ஜல்லியில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். ரயில் வந்துகொண்டிருக்கிறது, இவர் கண்ணை மூடுகிறார். பன்றி அவர் மடியில் வந்து முகத்தை வைத்தது. எழுந்து நடந்தார், அது கூடவே நடந்தது. ரயில் எங்கள் முகத்தில் காற்றடித்துக்கொண்டு போனது. அடுத்த நாளே வேலைக்குக் கூப்பிட்டேன்.

காது கிழிந்த கதையைப் பிறகு தெரிந்துகொண்டேன். புருஷன் ரயில்வேயில் கூலி. குடித்துவிட்டு வந்து தோட்டோடு சேர்த்துப் பிடுங்கியிருக்கிறான். ஒரு நாள் ஷண்டிங்கில் இரண்டு வேகனுக்கு நடுவே மாட்டி நசுங்கிச் செத்தான். நான் ஒளித்துப் பேசத் தெரியாதவன். நேராகவே கேட்டேன்.

"ஏனக்கா, சேதி வந்தப்ப எப்படி இருந்துச்சு?"

"பயமா இருந்துச்சுங்க."

"இனி என்ன பண்றதுன்னா?"

"எங்க சந்தோசப்பட்டுருவனோன்னு பயமுங்க. கண்ண மூடி ஆண்டவருகிட்ட ஒப்படைச்சுப்போட்டேன். நீயே வெச்சுக்கோன்னு."

பன்றி நெற்றியில் கை வைத்து என்னதான் சொல்கிறார் என்றும் ஒரு தடவை கேட்டேன்.

"அதுகிட்ட ஒண்ணும் சொல்றதில்லீங்க."

"அப்ப உங்க சாமிகிட்டயா?"

"அவருகிட்டயும் ஒண்ணும் கேக்கறதில்லீங்க. இருக்கறாரான்னு பாக்கறதுதான்."

"இருக்கறாரா?"

"இல்லாமயா நீங்க சம்மட்டியத் தூக்கிட்டு சும்மா நிக்கறீங்க."

நான் சென்னிமலை முருகனுக்கு வருஷா வருஷம் மொட்டை போடுகிறவன். அவர் சாமிக்கும் எனக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை.

கிறிஸ்துமஸ்தான் எங்களுக்கு வருஷத்தின் பெரிய அறுவடை. மார்கழி பிறக்கும் முன்பே குவார்ட்டர்ஸ் வீடுகளில் காகித நட்சத்திரம் தொங்கும். தையல்காரனிடம் சண்டை, கேக் மாவுக்குச் சண்டை, பாட்டுக் கோஷ்டியில் யார் முன்னால் நிற்பது என்று சண்டை. ஒரு வருஷம் அந்தக் கோஷ்டி டிரம் அடித்துக்கொண்டு எங்கள் பட்டியை ஒட்டி வந்தது. பஞ்சுத் தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா வேலிமேல் ஏறி நின்று ஆட்டம் போட்டார். பன்றிகள் மிரண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இரண்டு குட்டிகளை மிதித்தே கூழாக்கின. நான் தாத்தாவைத் தாடியைப் பிடித்து இறக்கி அறைந்த அறையில் தாடி என் கையோடு வந்துவிட்டது. அந்த அக்கா பட்டிக்குள் இறங்கினார். செத்த குட்டிகளை முந்தானையில் அள்ளி எடுத்தார்.

"எல்லாரும் அவரு பொறந்த நாளுக்குன்னு ஓடறாங்க மொதலாளி. பொறந்தவரு மாட்டுக் கொட்டாயில சாணி நாத்தத்துல படுத்திருக்காரு. அங்க போயி சித்த உக்கார ஆளில்லீங்க. நம்ம பட்டிக்கும் அதுக்கும் எவ்வளவு தூரம் இருக்கும்ங்கறீங்க?"

அவர் உட்கார்ந்தார். பன்றிச் சாணத்தில், செத்த குட்டிகளோடு, அரை மணி நேரம். கடையில் கூட்டம் கத்துகிறது. எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

அந்த ஆத்திரம்தான் அடுத்த வருஷம் என் கையில் இறங்கியது.

அதற்கு முன்னால் அவருடைய மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே மகன். ரயில்வே ஷெட்டில் கான்ட்ராக்ட் கூலி. குடித்த இடத்தில் ஒருவனின் வயிற்றில் கத்தியை இறக்கிவிட்டு இரண்டு வருஷம் உள்ளே இருந்தவன். அந்த ஆடியில்தான் வெளியே வந்திருந்தான். "இந்தப் பண்டிகைக்கு என்ற பையன் என்ற பக்கத்துல உக்காந்து சோறு திங்கோணுமுங்க. இன்னொரு தடவ உள்ள போனான்னா மனுசனா வர மாட்டான்" என்று அந்த அக்கா சொன்னார். நடக்கப்போவதை நினைத்து அவர் பயந்து பேசி, அதுவரை நான் கேட்டது அந்த ஒன்றுதான்.

பண்டிகைக்கு முந்தின நாள். விடிகாலையில் தொடங்கி எட்டு மணிக்குள் பத்துப் பன்றி முடித்திருந்தேன். இன்னும் இருபதுக்கு மேல் நிற்கிறது. வரிசை ரயில்வே கேட் வரைக்கும் போய்விட்டது. சர்ச் விருந்துக்குச் சொல்லிவைத்த கறிக்கு ஆள் வந்து நிற்கிறான். வரிசையில் முதல் ஆளாக, வயர் கூடையோடு, ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர். வாய்க்குப் பூட்டில்லாத மனுஷன்.

பதினோராவது பன்றி. அக்கா கையை வைத்துக் கண்ணை மூடினார். அன்றைக்கு ஏனோ நேரம் நீண்டுகொண்டே போனது. என் தோளில் சம்மட்டி கனக்கிறது.

"ஏப்பா, இது கறிக்கடையா கோயிலா?" என்றார் பெரியவர். வரிசை சிரித்தது.

"சித்த இருங்க" என்றேன்.

"நாங்க இருக்கறோம் சாமி. இங்க மொதலாளி யாரு, நீயா அந்தம்மாவான்னு மட்டும் சொல்லிப்போடு. அவங்களையே கேட்டு வாங்கிக்கறோம்."

இன்னும் பெரிய சிரிப்பு. வெள்ளகோவில் பந்தியில் காலியாகக் கிடந்த இலை என் கண்ணுக்குள் வந்தது. நான் அடித்தேன்.

அக்காவின் கை இன்னும் நெற்றிமேல்தான் இருந்தது. காய்ந்த விறகு முறிகிற சத்தம். கை தடுத்ததால் பன்றிக்கு அடி பாதிதான் இறங்கியது. மண்டை பிளந்து, அலறிக்கொண்டு, கொட்டகையை விட்டுப் பாய்ந்தது. வரிசைக்குள் புகுந்தது. பண்டிகைக்கு வெள்ளைப் பாவாடை கட்டியிருந்த பிள்ளைகள் மேலெல்லாம் ரத்தம். பெரியவர் கூடையோடு சாக்கடையில் விழுந்தார். நான் கத்தியோடு துரத்தினேன். தெருமுனையில் அது கால் மடங்கிச் சரிந்ததும் மேலே ஏறி உட்கார்ந்து குத்தினேன். ஒரு குத்தில் போகவில்லை. நாலு, ஐந்து. எத்தனை என்று எனக்கு நினைவில்லை. பார்த்தவர்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

திரும்பி வந்தேன். அந்த அக்கா கொட்டகைத் தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. விரல்கள் விரல்களாக இல்லை. கண் இன்னும் மூடித்தான் இருந்தது. வெகுநேரம் கழித்துத் திறந்தார்.

"வலியில்லாம போச்சுங்களா?"

பன்றியைப் பற்றிக் கேட்கிறார் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"போச்சுங்கக்கா" என்றேன். என் சட்டை முழுக்க ரத்தம். அவர் அந்தச் சட்டையைப் பார்த்தார். எழுந்து எலும்புக்கட்டு வைத்தியரிடம் போனார்.

நான் நிறுத்தினேனா? இல்லை. இத்தனை ஜனம் நிற்கிறதே. கயிறு போட்டு இழுத்தேன். முதல் அலறலிலேயே பட்டி முழுவதும் தெரிந்துகொண்டது. ஒவ்வொன்றையும் அடித்து இழுத்து, இரண்டு அடி மூன்று அடி போட்டு, கறிக்கடையை நரகமாக்கி வைத்தேன். மூன்று முடிப்பதற்குள் என் முழங்காலை ஒன்று கடித்துக் குதறிவிட்டது. பத்து மணி இருக்கும். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அந்த அக்கா வந்து நிற்கிறார்.

"எதுக்குக்கா வந்தீங்க?"

"அங்க வரைக்கும் கேக்குதுங்க. பாவம். இன்னும் எத்தன நிக்குது?"

நான் பதில் சொல்வதற்குள் வரிசை கலைந்து ஓடியது. அவருடைய மகன் வந்துகொண்டிருந்தான். கையில் கொடுவாள். தோட்டத்தில் தென்னை மட்டை வெட்டுகிற நீள வாள்.

"எங்கம்மா கைய ஒடச்சது எந்தக் கையி?"

ஓடியிருக்கலாம். பின்பக்கம் வழி இருந்தது. ஆனால் நான் எவனுக்கும் முதுகு காட்டிப் பிழைத்தவன் இல்லை. வலது கையை வெட்டுக்கட்டையின் மேல் வைத்தேன்.

"இந்தக் கைதான்டா. ஆம்பளையா இருந்தா வெட்டு."

இடது கையில் சம்மட்டி இருந்தது. அவன் வாளை ஓங்கினால் அவன் மண்டையில் இறக்குவது என்று கணக்கு. அவனுக்கும் அது தெரிந்திருந்தது. சிரித்தான். பல் தெரியச் சிரித்துக்கொண்டே நெருங்கினான்.

"சித்த இருங்க, ரெண்டு பேரும்."

அந்த அக்கா எங்கள் நடுவில் வந்தார். அவன் சட்டையைப் பிடிக்கவில்லை. வாளைப் பறிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "குனியுங்க" என்றார். நான் எந்த மனுஷனுக்கும் குனிந்ததில்லை. குனிந்தேன். இடது உள்ளங்கையை என் நெற்றியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அத்தனை வருஷமும் நான் அந்தக் கைக்கு மறுபக்கம் நின்றவன். அது எடுக்கப்பட்டால் அடுத்தது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். இடது கையில் இருந்த சம்மட்டி எப்போது கீழே விழுந்தது என்று தெரியவில்லை. என் மூச்சு சத்தமாகக் கேட்டது. ஜங்ஷனில் வேகன் இடிக்கிற சத்தம். யார் வீட்டிலோ கேக் வேகும் வாசம். அந்தக் கையில் நடுக்கம் இல்லை. சூடாக இருந்தது.

கையை எடுத்தார். மகனைப் பார்த்தார்.

"நான் முடிச்சுப்போட்டேன் கண்ணு. இனி உன்ற பாடு." ஒதுங்கி நின்றுவிட்டார்.

அவன் வாளை ஓங்கினான். ஓங்கிய கை மேலேயே நின்றது. அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "அம்மா, புடிச்சுக்கம்மா என்னய" என்றான். சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது. அந்த அக்கா நகரவில்லை. கண்ணையும் மூடவில்லை. மகனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வாள் இறங்கியது. கட்டையில் பாதி வரை புதைந்தது. என் சுண்டு விரலின் நுனி நகத்தோடு தெறித்துத் தரையில் விழுந்தது. குறி தப்பியதா, அவன் தப்ப விட்டானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது என்று பின்னால் ஒரு நாள் சொன்னான். அவன் அந்தக் கட்டையிலேயே முட்டி முட்டி அழுதான்.

அக்கா முந்தானையைப் பல்லால் கிழித்து, ஒற்றைக் கையால் என் விரலைச் சுற்றினார்.

"ஏனக்கா ஒதுங்குனீங்க?" என்றேன். "வெட்டியிருந்தான்னா?"

"வெட்டியிருப்பானுங்க."

"அவன் மறுக்கா ஜெயிலுக்குப் போயிருப்பான்."

"போயிருப்பான்." முடிச்சை இறுக்கினார். "அவன் பொறந்ததுல இருந்து குறுக்க நின்னுதானுங்க பாத்தேன். அவங்கப்பனுக்கும் நின்னேன். நான் நிக்கற வரைக்கும் ஆண்டவருக்கு அங்க எடமில்லீங்க. இன்னைக்கி நகந்து பாத்தேன்."

"பயமா இல்லையா?"

"குலையே நடுங்குதுங்க. தொட்டுப் பாருங்க."

அவர் முதுகுத் துணி முழுவதும் வேர்வையில் நனைந்திருந்தது. மார்கழிக் குளிரில். என் நெற்றியில் இருந்தபோது அந்தக் கை மட்டும் எப்படி நடுங்காமல் இருந்தது என்று நான் கேட்கவில்லை.

மகன் பக்கம் திரும்பினார். "டேய், அழுதது போதும். அண்டாவுல சுடுதண்ணி வையி. நாளைக்கிப் பண்டிகை. ஜனம் என்ன பண்ணும்?"

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய் அடுப்பில் விறகைத் தள்ளினான்.

ஜனம் திரும்பி வந்தது. கறி என்றால் ஜனம் திரும்பி வரும். சாக்கடையில் விழுந்த பெரியவர் வேறு வேட்டி கட்டிக்கொண்டு வந்து பழைய இடத்தைக் கேட்டுச் சண்டை போட்டார். அந்த அக்கா பட்டிக்குள் போனார். அங்கே எல்லாம் மிரண்டு ஒரு மூலையில் அடைந்து கிடந்தன. ரொம்ப நேரம் வரவில்லை. வந்தபோது பின்னால் ஒன்று தலையை ஆட்டிக்கொண்டு நடந்து வந்தது.

இடது கையை அதன் நெற்றியில் வைத்தார். நான் கட்டுப் போட்ட விரலோடு சம்மட்டியைத் தூக்கினேன். "சித்த இருங்க" என்று அவர் சொல்லவில்லை. நானாகவே நின்றேன். எனக்கு ஜெபம் தெரியாது. சும்மா கண்ணை மூடினேன். பந்தியில் காலியாகக் கிடந்த இலை வந்தது, போனது. தெருமுனையில் நான் குத்தியது வந்தது. அது போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். யாரோ கூட நின்று அதைப் பார்ப்பதுபோல் இருந்தது. அது யார் என்று நான் யாரிடமும் சண்டைக்கு நிற்க மாட்டேன். பிறந்ததில் இருந்து ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு மோட்டார் எனக்குள் நின்றுபோனது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு குரல் தாழ்வாகக் கூப்பிட்டது.

"ஏனுங்க மொதலாளி."

கண்ணைத் திறந்தேன். அந்த அக்கா எப்போதோ முடித்துக் கையை எடுத்துவிட்டு, ஒதுங்கி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜனம் நிக்குதுங்க" என்றார்.